இரவு விருந்து சைவம்தான், ஆனால் ஆளுக்கு ஒரு விலக்கு: ஒரே பந்தியில் என்ன பரிமாறலாம்?

செக்காலை மருமகள் (காரைக்குடி):

எல்லாருக்கும் வணக்கம். அடுத்த சனிக்கிழமை வீட்டுக்காரரின் பழைய அலுவலக நண்பர் குடும்பத்தோடு வருகிறார். பகலில் பிள்ளையார்பட்டி, குன்றக்குடி பார்த்துவிட்டு இரவுச் சாப்பாட்டுக்கு எங்கள் வீடு. எல்லாருமே சைவம், அதில் சிரமம் இல்லை. அதற்கு மேல்தான் சிக்கல். நண்பரின் அம்மா வெங்காயம், பூண்டு தொடமாட்டார். மனைவிக்கு சீலியாக் நோய், கோதுமை, மைதா, ரவை துளிகூட ஆகாது. பெரிய பெண் பால், தயிர், நெய் எதுவும் சாப்பிடுவதில்லை. சின்னப் பையனுக்கு வேர்க்கடலை அலர்ஜி, ஒரு தடவை ஆஸ்பத்திரியில் சேர்க்கிற அளவுக்குப் போயிருக்கிறது.

சப்பாத்தி, குருமா என்று முதலில் நினைத்தது அடிபட்டுப் போனது. ஆளுக்கு ஒன்றாகத் தனித்தனியாகச் செய்யவும் எனக்கு மனசு வரவில்லை. ஒருவர் இலையில் மட்டும் வேறு ஏதோ இருந்தால் அவர்களுக்கே கூச்சமாக இருக்கும், இல்லையா? எல்லாரும் ஒரே பந்தியில் உட்கார்ந்து ஒரே சாப்பாட்டைச் சாப்பிட வேண்டும். எனக்கு அன்றைக்கு மத்தியானம் வரை வேலை இருக்கிறது, அதனால் இழுத்துக்கொண்டு போகிற சமையலும் முடியாது. இன்னொன்று, காரைக்குடிக்கு வருகிறவர்கள் நம் ஊர்ச் சாப்பாட்டின் ருசியை எதிர்பார்ப்பார்கள். கறி இல்லாமல், வெங்காயம் பூண்டும் இல்லாமல் அந்த ருசியைக் கொண்டுவர முடியுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


கோட்டையூர் ஆச்சி:

தாராளமாக முடியும் அம்மா. செட்டிநாடு என்றாலே கோழியும் காடையும் என்று ஹோட்டல்காரர்கள் ஆக்கி வைத்திருக்கிறார்கள். நம் வீடுகளில் ராத்திரிக்குப் பெரும்பாலும் பலகாரம்தானே? இடியாப்பம், பணியாரம், தொட்டுக்கொள்ளக் கத்தரிக்காய்க் கோசமல்லி, சட்னி. பலகாரம் எல்லாமே அரிசியும் உளுந்தும். நீ சொல்கிற நாலு பேரில் யாருக்கும் இதில் விலக்கு கிடையாது, உள்ளே நாம் சேர்க்கிற சில்லறைச் சாமான்களில் மட்டும் கவனமாக இருந்தால் போதும்.

நான் செய்தால் இப்படிச் செய்வேன். வெள்ளைப் பணியாரம், அதற்கு வரமிளகாய்ச் சட்னி. இட்லி, அதற்குக் கோசமல்லி. தொட்டுக்கொள்ள வாழைக்காய் வறுவல். கடைசியில் இனிப்புக்கு, கறுப்பரிசியான கவுனி அரிசி. இவ்வளவு போதும், ராத்திரியில் இதற்கு மேல் யாராலும் சாப்பிட முடியாது.

கோசமல்லிக்கு வெங்காயம் அவசியம் என்று நினைப்பார்கள். கத்தரிக்காயை வேகவைக்காமல் அடுப்புத் தணலில் தோல் கருகும் வரை சுட்டு எடுத்துப் பார், அந்த வாசனையே பாதி வேலையைச் செய்துவிடும். தோலை உரித்து மசித்து, நீர்க்கக் கரைத்த புளி, நாலு பச்சை மிளகாய், ஒரு தக்காளி, உப்பு. கடுகு, உளுந்து, கறிவேப்பிலை தாளித்துக் கொட்டி ஒரு கொதி. மற்றவர்களுக்கு வெங்காயம் வேண்டும் என்றால் சின்ன வெங்காயத்தைத் தனியாக வதக்கிக் கிண்ணத்தில் வை. வேண்டியவர்கள் போட்டுக்கொள்ளட்டும். வரமிளகாய்ச் சட்னியும் அப்படித்தான், மிளகாய், புளி, உப்போடு பூண்டுக்குப் பதில் தக்காளி வைத்து அரை. காரம் தூக்கும், அதனால் மிளகாயைக் கொஞ்சம் குறைத்துக்கொள்.

நம் ஊர் ருசி வாழைக்காய் வறுவலில் வந்துவிடும். மிளகு, சோம்பு, சீரகம், மல்லி, வரமிளகாய், ஒரு துண்டு பட்டை, கொஞ்சம் கல்பாசி, இவற்றை வெறும் சட்டியில் வறுத்துக் கொரகொரவென்று பொடித்துக்கொள். வாழைக்காயை மஞ்சளும் துளி புளியும் போட்ட தண்ணீரில் முக்கால் வேக்காடு வேகவைத்து வடித்து, கறிவேப்பிலை தாளித்த எண்ணெயில் போட்டுப் பொடியைத் தூவிச் சிறு தீயில் முறுகவிடு. ஆனால் ஒன்று, அந்த அம்மாவிடம் முன்கூட்டியே கேட்டுவிடு. வெங்காயம் சேர்க்காத பெரியவர்களில் சிலருக்குச் சோம்பு, பட்டை வாசனையும் ஆகாது. அப்படியானால் மிளகும் சீரகமும் மட்டும் போட்டுச் செய், அதுவும் நன்றாகவே இருக்கும்.


சிங்கம்புணரிக்காரன்:

ஆச்சி சொல்வது நல்ல யோசனைதான், ஆனால் இவ்வளவு கஷ்டப்படுவானேன்? மூன்று பேருக்குச் சப்பாத்தி போடுங்கள், அந்த அம்மணிக்கு மட்டும் இரண்டு தோசை ஊற்றிக் கொடுங்கள். முடிந்தது.


தேவகோட்டை அப்பச்சி:

சிங்கம்புணரித் தம்பி, தயவுசெய்து அப்படிச் சொல்லாதீர்கள். என் மகளுக்குச் சீலியாக் இருக்கிறது, அதனால் கொஞ்சம் விளக்கமாகவே எழுதுகிறேன். சப்பாத்தி தேய்க்கிற சமையல்கட்டில் மாவு பறக்கும், கை, துணி, கரண்டி எல்லாவற்றிலும் ஒட்டும். சப்பாத்தி சுட்ட கல்லிலேயே தோசை ஊற்றினால் அந்தத் தோசை அவர்களுக்கு ஆகாது. இது "கொஞ்சம் வயிறு உப்பும்" என்கிற சமாசாரம் இல்லை. கோதுமையில் இருக்கிற குளூட்டன் உள்ளே போனால் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே சிறுகுடலின் உள்சுவரைத் தாக்குகிறது. சாப்பிட்ட சத்து உடம்பில் சேராமல் போகிறது. குளூட்டன் இல்லாதது என்று ஒரு பொருளில் அச்சடிக்க வேண்டும் என்றால் கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும் என்பது நம் நாட்டு விதி. எவ்வளவு சிறிய அளவு என்று பார்த்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு வீட்டில் கோதுமையே எடுக்காமல் இருப்பதுதான் எல்லாவற்றையும்விட லேசான வழி.

செக்காலைத் தங்கச்சி, ஆச்சி இடியாப்பத்தை விட்டுவிட்டு இட்லியும் பணியாரமும் சொன்னது ரொம்பச் சரி. இடியாப்ப மாவை நாம் மில்லில் கொடுத்துத்தான் அரைக்கிறோம். நமக்கு முன்னால் நிற்பவர் கோதுமை அரைத்திருப்பார், இயந்திரத்துக்குள் தங்கிய மாவு நம் அரிசி மாவோடு கலந்து வரும். பார்த்தால் தெரியவே தெரியாது. வீட்டுக் கிரைண்டரில் ஊறவைத்து அரைப்பதில் அந்தத் தொல்லை இல்லை. அரிசி, உளுந்து இரண்டையும் ஊறவைக்கும் முன் தாம்பாளத்தில் பரப்பி ஒரு தடவை பார்த்துவிடுங்கள், உதிரியாக வாங்கும்போது நடுவில் கோதுமை மணி கிடப்பது உண்டு.

அடுத்தது பெருங்காயம். இது நிறையப் பேருக்குத் தெரியாது. கடையில் விற்பது பெரும்பாலும் கூட்டுப் பெருங்காயம், அதில் மைதா அல்லது கோதுமை மாவு கலந்திருக்கும். தூளில் மட்டும் இல்லை, கட்டியிலும் உண்டு. டப்பாவின் பின்பக்கம் பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள், படித்துப் பாருங்கள். அரிசி மாவு சேர்த்ததும் கிடைக்கிறது. கிடைக்காவிட்டால் பெருங்காயமே வேண்டாம், சீரகமும் இஞ்சியும் போதும். வெங்காயம் பூண்டு இல்லாத சமையல் என்றதும் நம் கை தானாகப் பெருங்காயத்துக்குப் போகும், அதனால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன்.


செக்காலை மருமகள்:

ஆச்சி, அண்ணே, ரொம்ப நன்றி. பெருங்காய டப்பாவை இப்போதுதான் எடுத்துப் பார்த்தேன், கோதுமை மாவு என்றே போட்டிருக்கிறது! மில் விஷயமும் எனக்குத் தோன்றவே இல்லை. சோம்பு, பட்டை பற்றி அந்த அம்மாவிடம் போனில் கேட்டுவிடுகிறேன்.

இன்னும் இரண்டு சந்தேகம். பணியாரத்துக்கு நாங்கள் எப்போதும் செக்குக் கடலை எண்ணெய்தான் ஊற்றுவோம். பையனுக்காக நல்லெண்ணெய்க்கு மாறிவிடலாமா? அப்புறம், கவுனி அரிசியை நெய் இல்லாமல் பரிமாறினால் நன்றாக இருக்குமா?


புதுவயல்காரர்:

எண்ணெய் விஷயத்தில் நான் சொல்கிறேன். கடலை எண்ணெயை அறவே ஒதுக்கிவிடுங்கள். மற்றவர்களுக்கு ஊற்றுவதிலும் வேண்டாம். ரீஃபைண்டு செய்த கடலை எண்ணெயில் கடலையின் புரதம் ஏறக்குறைய எல்லாமே நீங்கிவிடும், அலர்ஜியைக் கிளப்புவதே அந்தப் புரதம்தான். செக்கில் ஆட்டியதில் அது தங்கியிருக்கும். நாம் மணத்துக்காக விரும்பி வாங்குகிற எண்ணெய்தான் அந்தப் பிள்ளைக்கு ஆபத்து.

சரி, செக்கு நல்லெண்ணெய் வாங்கலாமா என்றால், அதுவும் வேண்டாம். ஒரே செக்கில் காலையில் கடலையும் மத்தியானம் எள்ளும் ஆட்டுகிற இடங்கள் நம் பக்கம் நிறைய. கழுவி விடுவதெல்லாம் கிடையாது, புண்ணாக்கை வழித்துவிட்டு அடுத்ததைப் போடுவார்கள். அந்த ஒரு நாளைக்கு சீல் வைத்த பாக்கெட் சூரியகாந்தி எண்ணெய் புதிதாக வாங்குங்கள். தாளிப்புக்கும் அதுவே. ஏற்கெனவே பூரி சுட்டு வடிகட்டி வைத்த எண்ணெயைத் தொடவே வேண்டாம், அது தேவகோட்டை அண்ணன் சொன்ன கோதுமைப் பிரச்சினைக்கும் பொருந்தும்.

பொட்டுக்கடலைச் சட்னி செய்யும் எண்ணம் இருந்தால் அதையும் விட்டுவிடுங்கள். வறுகடலைக் கடையில் பொட்டுக்கடலையும் வேர்க்கடலையும் பக்கத்துப் பக்கத்துச் சாக்கில்தான் இருக்கும், ஒரே படியால் இரண்டையும் அள்ளிப் போடுவார்கள். தேங்காய்ச் சட்னி வேண்டும் என்றால் தேங்காய், பச்சை மிளகாய், இஞ்சி, இவ்வளவில் அரைத்தாலே போதும். பையனுக்கு வேறு எந்தப் பருப்பெல்லாம் ஆகாது என்று அவன் அம்மாவிடம் தெளிவாகக் கேளுங்கள், முந்திரியும் சேர்த்து. அவசர மருந்து ஏதாவது வைத்திருந்தால் அதை லாட்ஜில் வைக்காமல் கையோடு எடுத்து வரச் சொல்லுங்கள்.


கோட்டையூர் ஆச்சி:

கவுனி அரிசிக்கு நெய் கட்டாயம் இல்லை. முதல் நாள் ராத்திரியே ஊறவைத்துவிடு, அதில் அவசரம் செல்லாது. ஊறிய தண்ணீரைக் கொட்டாதே, அந்தக் கருநீலச் சாயம் அதில்தான் இருக்கிறது. அந்தத் தண்ணீரையும் சேர்த்துக் குக்கரில் குழைய வேகவைத்து, சூடாக இருக்கும்போதே சர்க்கரையும் துருவிய தேங்காயும் போட்டுக் கிளறு. தேங்காயைக் கொஞ்சம் தாராளமாகப் போட்டால் நெய் இல்லாத குறை தெரியாது. நெய்யைச் சின்னக் கிண்ணத்தில் தனியாக வைத்து, வேண்டுமா என்று கேட்டுக் கேட்டு ஊற்று. தயிரும் அப்படியே. பெரிய பெண் நிம்மதியாகச் சாப்பிடுவாள்.

கவுனி ஒட்டுகிற அரிசியாயிற்றே, அதில் குளூட்டன் இருக்குமோ என்று அவர்கள் யோசித்தால் இல்லை என்று சொல்லிவிடு. அது அரிசியின் மாவுச்சத்து தருகிற பிசுபிசுப்பு, கோதுமைக்கும் அதற்கும் சம்பந்தம் கிடையாது.

தட்டு வேண்டாம், வாழையிலை போடு. வீட்டில் எந்தத் தட்டில் என்ன ஒட்டியிருக்கிறது என்ற கவலையே வராது, வந்தவர்களுக்கும் சந்தோஷம். ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு கரண்டி, அது அடுத்ததற்குள் போகக் கூடாது. வெங்காயக் கிண்ணத்துக் கரண்டியைக் கோசமல்லியில் விட்டால் அந்த அம்மா அதற்கப்புறம் கை வைக்கமாட்டார்.


தேவகோட்டை அப்பச்சி:

ஆச்சி சொன்னதோடு ஒன்றே ஒன்று. அந்த அம்மணி வந்ததும் சமையல்கட்டுக்குக் கூட்டிப்போய் என்னென்ன போட்டுச் செய்தீர்கள் என்று காட்டிவிடுங்கள், எண்ணெய் பாக்கெட் உள்பட. எங்கள் மகள் வெளியே சாப்பிடப் போனால் இதைக் கேட்பதற்கே தயங்குவாள், பிகு பண்ணுகிறாள் என்று நினைப்பார்களோ என்று பயம். கேட்காமலே ஒருவர் காட்டினால் அன்றைக்கு அவள் வயிறாரச் சாப்பிடுவாள்.


செக்காலை மருமகள்:

கட்டாயம் காட்டுகிறேன் அண்ணே. ஆச்சி, கடைசியாக ஒன்று கேட்டுக்கொள்கிறேன். வெள்ளைப் பணியாரம் எங்கள் வீட்டில் மாமியார்தான் சுடுவார், அன்றைக்கு அவர் ஊரில் இல்லை. அளவு சொல்லுங்கள். கொஞ்சம் பால் சேர்ப்பார் என்று ஞாபகம், அது இல்லாமல் வெள்ளையாக வருமா?


கோட்டையூர் ஆச்சி:

வரும். பால் ஒரு கரண்டி சேர்ப்பது வழக்கம்தான், இல்லாவிட்டால் ஒன்றும் ஆகாது. நிறத்துக்குக் காரணம் வெள்ளை உளுந்தும், மாவு புளிக்காமல் இருப்பதும், எண்ணெய்ச் சூடும்தான்.

ஆழாக்கில் பச்சரிசியைத் தலைதட்டி அள, அதன் மேலேயே உளுத்தம்பருப்பைக் கோபுரமாகக் குவி, சரியாமல் எவ்வளவு நிற்கிறதோ அவ்வளவுதான் உளுந்து. இரண்டையும் சேர்த்தே இரண்டு மணி நேரம் ஊறவைத்து வெண்ணெய் மாதிரி நைஸாக அரைத்துவிடு. கையால் தடவிப் பார்த்தால் குருணை தட்டக் கூடாது. உப்பு, ஒரு சிட்டிகை சர்க்கரை, கரண்டியில் எடுத்து ஊற்றினால் தானாகப் பரவுகிற பதத்துக்குத் தண்ணீர். நீர்த்துவிட்டால் எண்ணெய் குடிக்கும், கெட்டியாக இருந்தால் நடுவில் வேகாது. முதலில் ஒன்றைச் சுட்டுப் பார்த்துவிட்டு மாவைச் சரிசெய்துகொள்.

எண்ணெய் காய்ந்ததும் தீயைக் குறைத்து, நடுவில் ஒரு கரண்டி ஊற்று. அடியில் போய் உப்பி மேலே வரும், அப்போது திருப்பிப் போட்டு ஓசை அடங்கியதும் எடுத்துவிடு, சிவக்கவிடாதே. ஒரு தடவைக்கு ஒன்றுதான். அரைத்த மாவை வெளியில் வைத்தால் புளித்துவிடும், அதனால் மத்தியானம் வந்ததும் ஊறப்போட்டுச் சாயங்காலம் அரை. இட்லி மாவை மட்டும் முதல் நாளே அரைத்து வைத்துக்கொள். அவர்கள் இலையில் உட்கார்ந்த பிறகு பணியாரத்தைச் சுடச்சுடப் போடு, ஆறினால் அமுங்கிவிடும். நீ சுட, உன் வீட்டுக்காரரைப் பரிமாறச் சொல்.