கப்பல் மாதிரியின் ஈயப் பாகங்களில் வெள்ளைப் பொடி: என்ன செய்யலாம்?

கடலோரம்:
எங்கள் ஊர் அருங்காட்சியகத்தில் 1920களின் நீராவிக் கப்பல் மாதிரி ஒன்று இருக்கிறது. நீளம் 110 செ.மீ., மர உடல், பருத்தி நூல் கயிறுகள். நங்கூரமும் உயிர்காப்புப் படகுகளும் ஈய வார்ப்பு. போன ஆண்டு புதிதாக பிளைவுட் பீடமும் கண்ணாடிப் பெட்டியும் செய்தோம். இப்போது ஈயத்தில் வெள்ளைப் பொடி பூத்து, படகுகளின் பெயிண்ட் வெடித்து நிற்கிறது. கயிறுகளும் தொய்ந்துவிட்டன. துடைத்து வார்னிஷ் அடித்தால் போதுமா?

மரக்கலம்:
வார்னிஷ் வேண்டவே வேண்டாம். அந்தப் பொடி ஈய கார்பனேட். பிளைவுட்டும் வெள்ளை மரப்பசையும் அசிட்டிக் அமில ஆவியை விடும். மூடிய பெட்டிக்குள் அது தேங்கி ஈயத்தை ஈய அசிட்டேட் ஆக்குகிறது. காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு அதைக் கார்பனேட்டாக மாற்றும்போது அமிலம் மறுபடி விடுபடுகிறது. தொடங்கினால் நிற்காததற்குக் காரணம் இதுதான். பொடிக்கு உலோகத்தைவிட அதிக இடம் வேண்டும், பெயிண்ட் அதனால்தான் வெடிக்கிறது. மேலே எதைப் பூசினாலும் ஆவி உள்ளே போய்விடும். கண்ணாடியை ஒட்டிய சிலிக்கான் வினிகர் வாடை அடித்ததா?

கடலோரம்:
ஆமாம், பெட்டியைத் திறந்தால் இன்னமும் அடிக்கிறது.

மரக்கலம்:
அப்படியானால் மாதிரியை இன்றே வெளியே எடுங்கள். தூசி படியாமல் மெல்லிய பாலியெத்திலீன் தாளால் தளர்வாக மூடினால் போதும். எதையும் தொடுமுன் எல்லாப் பக்கமும் அளவுகோல் வைத்துப் படம் எடுங்கள்.

பொடி நச்சு. வாயால் ஊதக்கூடாது, வீட்டு வாக்குவம் கிளீனரும் கூடாது. நைட்ரைல் கையுறை, என்95 முகக்கவசம் போட்டு, மென்தூரிகையால் பொடியைத் தள்ளி நுண்தூசியையும் பிடிக்கும் ஹெப்பா வடிகட்டி உள்ள வாக்குவம் கருவியில் இழுங்கள். உறிஞ்சு குழாயின் வாயில் வலைத்துணி கட்டினால் உதிரும் பெயிண்ட் சில்லு உள்ளே போகாது. நொறுங்கிய பாகத்துக்குப் பித்தளையில் மாற்று செய்து அடியில் ஆண்டைக் குறியுங்கள். பழையதை எண்ணிட்ட பையில் வையுங்கள், எறிய வேண்டாம்.

புதுப் பெட்டிக்கு பவுடர் கோட்டிங் செய்த இரும்பு, கண்ணாடி, அமிலம் விடாத நியூட்ரல் சிலிக்கான். மேலும் கீழும் துளையிட்டு நுண்வலை ஒட்டுங்கள். ஆவி தேங்காமல் வெளியேறட்டும். துளை வழியே வரும் தூசியைத் துடைத்துவிடலாம், கரைந்த ஈயம் திரும்பாது. முதலில் பளபளக்கத் தேய்த்த ஈயத் துண்டு ஒன்றை மட்டும் வெறும் பெட்டியில் ஒரு மாதம் தொங்கவிடுங்கள். வெளுத்தால் அந்தப் பெட்டி ஆகாது.

நூல்கண்டு:
கயிற்றைப் பற்றி. தொய்வைப் பார்த்து இழுத்துக் கட்டிவிடாதீர்கள். முறுக்கிய பருத்தி நூல் ஈரத்தில் சுருங்கும், வறட்சியில் தளரும். கோடையில் இறுக்கினால் ஐப்பசி மழையில் கொடிமரத்தை வளைக்கும், இல்லை நூலே அறும். அறுந்த நுனிகளைக் கோதுமை ஸ்டார்ச் பசையால், உள்ளே ஒரு மெல்லிய பட்டிழை வைத்து இணையுங்கள். சூப்பர் குளூ நூலை விறைப்பாக்கி அடுத்த இடத்தில் ஒடிக்கும். பழைய முடிச்சுகளை அவிழ்க்காதீர்கள், செய்தவர் கையின் சாட்சி அவை. பெட்டிக்குள் விளக்கு இருந்தால் கழற்றிவிடுங்கள். நூலுக்கு 50 லக்ஸ் வெளிச்சமே போதும்.