உதவி: டூரிங் சைக்கிளுக்கு இன்டர்னல் கியர் ஹப், எது எடுக்கலாம்?

குன்னூர்_சைக்கிள்: மக்களே அவசரம். பின் ஹப் (வீல் நடு உருளை) போச்சு, எப்படியும் வீல் புதுசா கட்டணும், அதான் டீரெய்லர (செயின பல்லுக்குப் பல்லு தள்ளற கியர்) தூக்கிப் போட்டுட்டு உள்ளயே கியர் இருக்கற ஹப்பா போட்டுடலாம்னு பாக்கறேன், இங்க மழைலயும் மிஸ்ட்லயும் செயினெல்லாம் சேறு புடிச்சே சாகுது. ஷிமானோவோட நெக்சஸ் 8ஆ (8 கியர்) ஆல்ஃபைன் 11ஆ (11 கியர்)? மலைக்கு 11 தான நல்லது? நாளைக்கு ஆர்டர் போடணும்.

கோத்தகிரி_காத்து: என்ன ஃப்ரேமுங்க? டிஸ்க்கா ரிம் பிரேக்கா? எவ்ளோ லக்கேஜ்? ஒண்ணுமே சொல்லலயே.

ஸ்பேனர்15: ஸ்டர்மி ஆர்ச்சர் 3 ஸ்பீடு ஹப் போதும். அந்த காலத்துல மலையெல்லாம் அதுலதான் ஏறுனாங்க.

பழைய_பெடல்: தள்ளிட்டு ஏறுனாங்க. அதுல முதல் கியரே நேர் கியர்ல 75% தான், அவ்ளோதான் லேசாகும்.
கேட்டவருக்கு: போடறதுக்கு முன்னாடி கொஞ்சம் படிச்சிருக்கலாம். 8க்கும் 11க்கும் முதல் கியர் ஒண்ணேதான், 0.527 (பின் பல்சக்கரம் ஒரு சுத்து சுத்தினா வீல் சுத்தறது இவ்ளோ; கம்மியா இருந்தா ஏத்தம் லேசு). ரேஞ்ச் (முதல் கியருக்கும் கடைசி கியருக்கும் உள்ள வித்தியாசம்) 307ல இருந்து 409% ஆகுதுன்னா கூடறதெல்லாம் மேல் பக்கம், இறக்கத்துல மிதிக்க. கல்லாறு தாண்டி ஏறும்போது அது எதுக்கு? முன்ன 38 பல்லு பின்ன 20 பல்லு போட்டா 1.9, அத 0.527ஆல பெருக்குங்க, 1.0 வரும். பெடல் ஒரு சுத்து, வீல் ஒரு சுத்து. மூட்டையோட பர்லியார் ஏத்தத்துல முட்டி கழண்டுரும். முன்ன மூணு பல்சக்கரம் இருக்கற சாதா டிரிபிள்ல 26க்கு 34 போட்டாலே 0.76.

மிஸ்ட்_ரைடர்: அப்ப பின்னாடி பெரிய பல்லா போட்டா?

பழைய_பெடல்: முன் பல்ல பின் பல்லால வகுத்தா 2 கிட்ட வரணும்னு ஷிமானோ சொல்றான். ரொம்ப கீழ எறக்குனா உள்ள இருக்கற பல்லு தாங்காது. வாங்கினா ரோலாஃப் 14 (14 கியர் ஹப்) வாங்குங்க, ரேஞ்ச் 526%, 38-16ல 0.66 கெடைக்கும். 5000 கிமீக்கு ஒரு தடவை ஆயில் மாத்தணும், அவ்ளோதான்.

ஸ்பேனர்15: அந்த காசுக்கு செகண்ட்ஸ்ல ஸ்கூட்டரே வரும்.

கல்லட்டி36: குன்னூர் ரோடெல்லாம் ஒரு ஏத்தமா? மசினகுடில இருந்து கல்லட்டி வாங்க, 36 ஹேர்பின்.

கோத்தகிரி_காத்து: கல்லாறு குன்னூர் நடுவுல ரயிலுக்கே பல்சக்கரத் தண்டவாளம் போட்டிருக்கான், 12க்கு 1 ஏத்தம். சும்மாவா?

கல்லட்டி36: அது தண்டவாளம்ங்க, ரோடு வேற. ரோடு வளைஞ்சு வளைஞ்சு போகுது.

கோத்தகிரி_காத்து: வளைவுக்கு உள்பக்கமா ஏறிப் பாருங்க, அப்புறம் பேசுங்க.

மிஸ்ட்_ரைடர்: சண்டைய அப்புறம் வெச்சுக்கங்க. நான் ஆல்ஃபைன் 8 ஓட்டறேன், செயின் விஷயத்துல நிம்மதிதான், நின்ன எடத்துலயே கியர் மாத்தலாம். ஆனா ஏத்தத்துல மாத்தறப்ப ஒரு நொடி கால தளத்தணும், இல்லன்னா மாறாது. பின் டயர் பஞ்சர்னா கியர் கேபிள கழட்டணும், 15 ஸ்பேனர் வேணும், திரும்ப மாட்டிட்டு 4வது கியர்ல வெச்சு ஹப்புல ரெண்டு மஞ்சக் கோடும் நேரா நிக்குதான்னு பாக்கணும். இருட்டுல, மழைல, வாய்ல டார்ச்ச கடிச்சுகிட்டு. சுழலாத வாஷர் ரெண்டு வரும், தொலைச்சுடாதீங்க. டிராப்அவுட் (ஃப்ரேம்ல அச்சு உக்கார்ற பள்ளம்) நேர் கீழ பாத்தா செயின் டென்ஷனர் (செயின இறுக்கிப் புடிக்கறது) தனியா வாங்கணும்.

குன்னூர்_சைக்கிள்: டிஸ்க் பிரேக், பின் ஹப் அகலம் 135 மிமீ, டிராப்அவுட் நேர் கீழதான். லக்கேஜ் 20 கிலோ வரும். ஆர்டர் நிறுத்திட்டேன், பழையபடி டீரெய்லருக்கான கேசட் ஹப்பே போட்டு வீல் கட்ட குடுத்தாச்சு. நன்றி.

பழைய_பெடல்: இத மொதல்லயே சொல்லிருக்கலாம்.

மடக்கு_வண்டி: அண்ணா எனக்கு 20 இன்ச் மடக்கு சைக்கிள், பழனில இருந்து கொடைக்கானல் ஏறணும். சின்ன வீல்ல நெக்சஸ் 8 ஓகேவா?

மிஸ்ட்_ரைடர்: சின்ன வீல்னா அதே பல்லுக்கு கியர் தானா எறங்கும், உங்களுக்கு சரியா வரும். என்ன பிரேக்?