அம்மா பாஸ்போர்ட்டில் சர்நேம் காலி, இலங்கை இ.டி.ஏ. படிவத்தில் அந்தக் கட்டத்தில் என்ன போட?

கேள்வி: வண்ணார்பேட்டை_வாசி

எல்லாருக்கும் வணக்கம். சித்திரையில அம்மா (62), வீட்டுக்காரி, ஒன்பது வயசுப் பையன், நான், நாலு பேரும் மதுரையில இருந்து கொழும்புக்குப் போறோம். நாலு பேருக்குமே இதுதான் முதல் வெளிநாட்டுப் பயணம். பாஸ்போர்ட் கைக்கு வந்தாச்சு. இ.டி.ஏ. (இலங்கைக்குப் போக இணையத்தில எடுக்குற பயண அனுமதி) படிவத்தை நானே நிரப்பலாம்னு உக்காந்தா முதல் கட்டத்திலயே நிக்குது.

அம்மா பாஸ்போர்ட்டில கிவன் நேம் இடத்தில "வேலம்மாள்"னு ஒரே சொல், சர்நேம் (குடும்பப் பேரு) இடம் காலி. என்னுடையதில கிவன் நேம் "சங்கர நாராயணன்"னு ரெண்டு சொல், அதிலயும் சர்நேம் காலி. படிவமோ சர்நேம் இல்லாம அடுத்த பக்கம் போக மாட்டேங்கு. அங்க என்ன போட? பையனுக்குத் தனியா எடுக்கணுமா? பணம் கட்டுற இடத்தில டெபிட் கார்டு எடுக்காதுன்னும் சொல்லுதாங்க. அதுக்கு என்ன வழி? தெரிஞ்ச அண்ணாச்சிமார், அக்காமார் சொல்லுங்க.

---

பதில் 1: சமாதானபுரம்_தெற்கு

சர்நேம் இடத்தில அப்பா பேரைப் போட்டுருங்க தம்பி. அம்மாவுக்கு உங்க அப்பா பேரு. ஆதார்லயும் இனிஷியலா அதுதானே இருக்கும். பையனுக்கும் தனியாத்தான் எடுக்கணும்.

---

பதில் 2: குறுக்குத்துறை_படித்துறை

அண்ணாச்சி சொன்னதில் பையன் விஷயம் சரி. ஆனால் அப்பா பேரைப் போடுவது மட்டும் வேண்டாம். நம்ம ஊர்க்காரர்கள் அதிகமாகத் தடுக்கி விழுகிற இடமே இதுதான்.

பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் அப்பா பெயர், அம்மா பெயர், கணவன் அல்லது மனைவி பெயர் அச்சாகியிருக்கும். அது குடும்ப விவரம், சர்நேம் ஆகாது. போட்டோ இருக்கிற பக்கத்தில் சர்நேம், கிவன் நேம் என்ற இரண்டு வரியில் என்ன இருக்கிறதோ அது மட்டும்தான் உங்கள் பெயர். ஆதார், ரேஷன் கார்டு, பத்தாம் வகுப்புச் சான்றிதழ் எதையும் இந்த வேலைக்கு எடுத்து வைக்காதீர்கள். அவற்றைப் பார்த்தால் கை தானாக இனிஷியலை அடித்துவிடும்.

வழக்கம் இப்படி: சங்கர நாராயணன் என்று இரண்டு சொல் இருந்தால் அந்த வரிசையைக் குலைக்காமல் இரண்டு கட்டத்திலுமாகப் பிரித்துப் போடலாம். ஒரே சொல்லாக இருந்தால், அதாவது உங்கள் அம்மாவுக்கு, அதே சொல்லை இரண்டு கட்டத்திலும் போடுங்கள். புள்ளி, கோடு, "இல்லை" என்று பொருள்படும் எழுத்துகள் எதுவும் வேண்டாம். பாஸ்போர்ட்டில் இல்லாத ஒரு புதுப் பெயரைப் புகுத்துவதைவிட, இருக்கிற பெயரை இரண்டு தடவை எழுதுவது எவ்வளவோ மேல். பார்க்கிற அதிகாரிக்கு ஒரு நொடியில் புரிந்துவிடும்.

விமான டிக்கெட்டும் இதே போல இருக்க வேண்டும். சர்நேம் இல்லாதவர்களுக்கு ஒவ்வொரு விமான நிறுவனமும் ஒரு முறை வைத்திருக்கிறது. டிக்கெட் போடும் முன்பே அவர்களுடைய உதவி எண்ணில் கேட்டுக்கொள்ளுங்கள். பதிவான பின் பெயர் மாற்ற வேண்டுமென்றால் சில நேரம் டிக்கெட் விலையையே இன்னொரு தடவை கட்ட வேண்டி வரும்.

பின்னால் துபாய் பக்கம் போகிற எண்ணம் இருந்தால் ஒரு விஷயம். பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களைச் சுற்றுலா விசாவில் அனுமதிப்பதில்லை என்று ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பர் 21 முதல் கெடுபிடி கொண்டுவந்தது. அடிக்கடி வெளிநாடு போகப் போகிறவர்கள் பாஸ்போர்ட்டை மறுவெளியீட்டுக்குக் கொடுத்து, தகப்பனார் பெயரைச் சர்நேமாகச் சேர்த்துவிடுவதே நல்லது. 36 பக்கப் புத்தகத்துக்கு 1500 ரூபாய், தட்கல் என்றால் இன்னும் 2000. சித்திரைப் பயணத்துக்கு இது தேவையில்லை. இப்போது எடுத்துக் கொடுத்தால் பாஸ்போர்ட் எண்ணே மாறி, வேலை இரட்டிக்கும்.

---

பதில் 3: பேட்டை_ரோடு

பெயரைப் பற்றி மேலே அக்கா சொன்னதுக்கு மேல நான் சொல்ல ஒண்ணுமில்ல. மத்ததைச் சொல்லுதேன்.

முதல்ல தளம். கூகுள்ல தேடினா மேல வர்ற நாலஞ்சில பாதி விளம்பரம். இலங்கைக் கொடி, சிங்கம் எல்லாம் போட்டு அரசாங்கத் தளம் மாதிரியே இருக்கும், சேவைக் கட்டணம்னு கூடுதலா வாங்கிருவாங்க. முகவரி "டாட் கவ் டாட் எல்கே"ன்னு முடியுதான்னு பாத்துக்கிடுங்க. பழைய யூடியூப் வீடியோவை நம்பவும் வேண்டாம். 2024 ஏப்ரல்ல விசா வேலையை ஒரு தனியார் கூட்டமைப்பு வேற தளத்தில நடத்துச்சு. அதுக்கு இலங்கை உச்ச நீதிமன்றம் ஆகஸ்ட்ல இடைக்காலத் தடை போட்டுச்சு, செப்டம்பர் கடைசியில பழைய இ.டி.ஏ. தளமே திரும்ப வந்துட்டு. அந்த நாலஞ்சு மாசத்தில எடுத்த வீடியோ எல்லாம் இப்ப தப்பு வழி காட்டும்.

கட்டணமும் அப்படித்தான், மாறிக்கிட்டே இருக்கும். 2023 கடைசியில இந்தியா உட்பட ஏழு நாட்டுக்காரங்களுக்குக் கட்டணத்தைத் தள்ளுபடி பண்ணினாங்க. அப்பவும் இ.டி.ஏ. எடுத்தே ஆகணும்னுதான் இருந்துச்சு. "இலவசம்"னு செய்தி வந்தா "தேவையில்லை"ன்னு அர்த்தம் பண்ணிக்கிடாதீங்க. விண்ணப்பிக்கிற அன்னைக்குத் தளத்தில என்ன தொகை காட்டுதோ அதுதான் கணக்கு. 12 வயசுக்குக் கீழ கட்டணம் கிடையாது, ஆனா விண்ணப்பம் பையன் பாஸ்போர்ட் எண்ணில தனியாப் போகணும்.

படிவத்தில போட்டோவோ ஸ்கேனோ ஏத்த வேண்டியது இல்ல, எல்லாம் தட்டச்சுதான். அதனாலதான் ஒரு எழுத்துப் பிசகினாலும் கண்டுபிடிக்க ஆள் இல்ல. முக்கியமான மூணு:

பாஸ்போர்ட் எண். இந்தியப் பாஸ்போர்ட்ல பெரும்பாலும் முதல்ல ஒரு ஆங்கில எழுத்து, பின்னால ஏழு இலக்கம். இலக்கம் வர்ற இடத்தில "ஓ" மாதிரி தெரிஞ்சா அது பூஜ்யம். யோசிக்கவே வேண்டாம்.

தேதி. வழங்கின தேதியையும் முடியுற தேதியையும் மாத்திப் போடுறது சகஜம். பெரியவங்க பாஸ்போர்ட்ல முடியுற தேதி பத்து வருஷத்துக்கு ஒரு நாள் குறைவா இருக்கும். 14-03-2025ல வழங்கினா 13-03-2035ல முடியும். அந்த ஒரு நாள் வித்தியாசம் இல்லைன்னா எங்கயோ தப்பா அடிச்சிருக்கீங்க. பையனுக்குப் பத்து வருஷம் கிடையாது, அஞ்சு வருஷந்தான். இலங்கையில இறங்குற நாள்ல இருந்து ஆறு மாசமாவது பாஸ்போர்ட் செல்லணும்.

மூணு கேள்வி. இலங்கையில வசிக்க விசா இருக்கா, ஏற்கெனவே இ.டி.ஏ.வில இலங்கைக்குள்ள இருக்கீங்களா, பல தடவை நுழையுற விசா இருக்கான்னு கேக்கும். முதல் தடவை போறவங்களுக்கு மூணுக்கும் "இல்லை"தான். செல்லுபடியாகிற விசா இருக்கான்னு பாத்ததும் இந்தியப் பாஸ்போர்ட்டை நினைச்சுக்கிட்டு "ஆம்" அழுத்திருதாங்க.

இலங்கை முகவரிக்கு முதல் ரெண்டு ராத்திரி தங்குற ஹோட்டலைப் போட்டாப் போதும். சுற்றுலா இ.டி.ஏ.ன்னா 30 நாள், ரெண்டு தடவை நுழையலாம்.

---

பதில் 4: ஜங்ஷன்_மேம்பாலம்

கார்டு விஷயம். 2020-ல் ரிசர்வ் வங்கி கொண்டுவந்த விதிப்படி, புதுக் கார்டுகள் உள்நாட்டுக்கு மட்டும் திறந்த நிலையில்தான் வருகின்றன. வங்கி ஆப்பில் "சர்வதேசப் பரிவர்த்தனை", அதற்குள் "ஆன்லைன்" என்று இரண்டு சுவிட்ச் இருக்கும். இரண்டையும் போட்டு, வரம்புத் தொகையை நாலு பேர் கட்டணத்துக்குத் தக்கபடி உயர்த்துங்கள். உள்நாட்டு ரூபே கார்டு வெளிநாட்டுத் தளத்தில் பெரும்பாலும் போகாது, விசா அல்லது மாஸ்டர்கார்டு எடுங்கள். டாலரில் கழிப்பதால் வங்கி தன் பங்குக்கு 2 முதல் 3.5 சதவீதம்வரை சேர்த்துக்கொள்ளும். வேலை முடிந்ததும் சுவிட்சை அணைத்துவிடுங்கள்.

பணம் கழிந்து ரசீது வராமல் நின்றால் உடனே இன்னொரு தடவை கட்டாதீர்கள். படிவம் அனுப்பியதும் ஒரு குறிப்பு எண் திரையில் வரும். அதைக் கட்டணப் பக்கம் போகும் முன்பே கைபேசியில் படம் பிடித்து வையுங்கள். அந்த எண்ணையும் பாஸ்போர்ட் எண்ணையும் தளத்தின் நிலை அறியும் பக்கத்தில் போட்டால் பணம் சேர்ந்ததா என்று தெரிந்துவிடும்.

---

வண்ணார்பேட்டை_வாசி:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. சர்நேம் குழப்பம் தீர்ந்துச்சு. ரெண்டு சந்தேகம் பாக்கி. அனுப்புறதுக்கு முன்னால சரிபார்க்க சுலபமா ஒரு வழி இருக்கா? அப்புறம், தங்கச்சி குடும்பம் ஆவணியில கோலாலம்பூர் போகுது, அவங்களுக்கும் இதே முறைதானா?

---

பதில் 5: குறுக்குத்துறை_படித்துறை

இருக்கிறது தம்பி. போட்டோ பக்கத்தின் அடியில், நடுநடுவே முக்கோண முனை மாதிரிக் குறி போட்டு, இரண்டு நீள வரி இருக்கும். விமான நிலைய இயந்திரம் படிப்பது அந்த இரண்டு வரியைத்தான். இரண்டாவது வரியை மட்டும் விரல் வைத்துப் படியுங்கள். முதலில் பாஸ்போர்ட் எண், பின் ஒரு முனைக்குறி, ஒரு சரிபார்ப்பு இலக்கம், நாட்டுக் குறி மூன்று எழுத்து, அதற்குப் பிறகு பிறந்த தேதி. வருடம், மாதம், நாள் என்ற வரிசையில் இரண்டிரண்டு இலக்கமாக இருக்கும். அம்மா 1963 ஆகஸ்ட் 5 என்றால் 630805. மறுபடி ஒரு சரிபார்ப்பு இலக்கம், ஆண் அல்லது பெண் எழுத்து, முடியும் தேதி. நிரப்பிய படிவத்தை வீட்டில் ஒருவர் சத்தமாகப் படிக்க, இன்னொருவர் இந்த வரியோடு ஒத்துப் பார்க்கட்டும். நிரப்பியவரே சரிபார்த்தால் தன் தப்பு தன் கண்ணுக்குத் தெரியாது.

பாஸ்போர்ட் எண் தப்பாகப் போய்விட்டால் அந்த இ.டி.ஏ. வேறு யாருடைய பாஸ்போர்ட்டுக்கோ எடுத்த மாதிரி. புதிதாக விண்ணப்பித்துவிடுங்கள். ஹோட்டல் மாறினால் அதற்காகக் கவலைப்பட வேண்டாம்.

---

பதில் 6: பேட்டை_ரோடு

கோலாலம்பூர் முறை வேற. 2023 டிசம்பர் 1-லிருந்து இந்தியர்களுக்கு 30 நாள்வரை விசா இல்லாமப் போக மலேசியா அனுமதி கொடுத்திருக்கு, 2026 டிசம்பர் 31 வரைக்கும் நீட்டிச்சிருக்காங்க. அதனால இ.டி.ஏ. இல்ல, எம்.டி.ஏ.சி.ன்னு டிஜிட்டல் வருகை அட்டை மட்டும். இலவசம். இறங்குறதுக்கு மூணு நாளைக்குள்ளதான் போட முடியும், ஒரு மாசம் முந்தியே போட்டு வைக்க முடியாது. ராத்திரி விமானம்னா இறங்குறது மறுநாள் தேதி. மலேசிய நேரம் நமக்கு ரெண்டரை மணி முந்தி. படிவத்தில இறங்குற தேதியைப் போடச் சொல்லுங்க. கொழும்புக்கு இந்தத் தொல்லை இல்ல, நம்ம கடிகார நேரந்தான் அங்கயும்.

தங்கச்சி வீட்ல யாராவது பத்தாவது முடிக்காம ஈ.சி.ஆர். (வெளிநாட்டு வேலைக்குப் போகுமுன்ன குடியேற்றச் சோதனை வேணும்னு குறிச்ச) பாஸ்போர்ட் வச்சிருந்தா போகவரப் பதிவான டிக்கெட், ஹோட்டல் பதிவு ரெண்டையும் காகிதத்திலயே கையில வச்சிக்கிடச் சொல்லுங்க. ஈ.சி.ஆர். பட்டியல்ல உள்ள 18 நாட்டில மலேசியாவும் ஒண்ணு. வேலைக்குப் போறாங்களோன்னு நம்ம ஊர் குடியேற்ற மேசையிலயே கேள்வி வரும். இலங்கை அந்தப் பட்டியல்ல கிடையாது, அதனால உங்க அம்மாவுக்கு அந்தக் கவலை இல்ல.

உங்க நாலு பேருக்கும் ஒப்புதல் மின்னஞ்சல் வந்ததும் ஆளுக்கு ரெண்டு நகல் எடுங்க. ஒண்ணு மதுரையில விமான மேசைக்கு, ஒண்ணு கொழும்பில குடியேற்ற மேசைக்கு. அம்மாவுக்குள்ளதை அவங்க பாஸ்போர்ட்டுக்குள்ளயே மடிச்சு வச்சிருங்க. வரிசையில அவங்க தனியா நிக்க வேண்டி வந்தாலும் நீட்டிக் காட்டிருவாங்க.