பின்சில்லு ஆட்டம்: அச்சா, கோனா, கம்பியா?

வணக்கம். மாங்குளத்திலிருந்து ஒட்டுசுட்டான் வழியாக முல்லைத்தீவு போகிறேன். நெடுந்தூரச் சைக்கிள், சுமை முழுவதும் பின் கரியரில். பின்சில்லு ஆடத் தொடங்கிவிட்டது.

கவிழ்த்து வைத்துச் சுற்றினால் றிம் ஒரே இடத்தில் இடப்பக்க பிறேக் கட்டையை உரசுகிறது. அவ்விடத்தில் செயின் பக்கத்துக் கம்பி ஒன்று தளர்ந்திருக்கிறது. அந்தப் பக்கக் கம்பிகள்தான் அதிக இழுவிசை தாங்குபவை; ஒன்று தளர்ந்தால் றிம் இடப்பக்கம் சாயும், அதனால் அது புரிகிறது. என்னைக் குழப்புவது வேறு: றிம்மைப் பிடித்துப் பக்கவாட்டில் அசைத்தால் 'டக் டக்' என்கிறது. கோனை (அச்சில் பெயரிங் குண்டுகளை அழுத்திப் பிடிக்கும் கூம்பு வடிவ நட்டை) இறுக்கினால் சில்லு சுற்ற மறுக்கிறது. சற்றுத் தளர்த்தினால் மறுபடி ஆட்டம்.

அச்சு முறிந்திருக்குமோ? குண்டுகள் தேய்ந்திருக்குமோ? முழுவதும் கழற்றாமல் கண்டறிய வழி உண்டா? ஒட்டுசுட்டான், முள்ளியவளைப் பக்கம் பிறீவீல் (பின்சில்லின் பற்சக்கரம்) கழற்றும் சாவி வைத்திருக்கும் சைக்கிள் கடை தெரிந்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.