கலைச்சொல் விவாதம்: கடலடி முகட்டைத் தாண்டும் நீருக்கு ‘வான்பாய்ச்சல்’

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

உயர்தர வகுப்புக்கான துணைநூல் ஒன்றில், ஆழ்கடல் ஓட்டங்களை அளப்பது பற்றிய அத்தியாயத்தைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். உவர்த்தன்மை, அடர்த்தி, ஓட்டமானி, மிதவை எல்லாம் சிக்கலில்லாமல் வந்துவிட்டன. சிக்கல் இரண்டு சொற்களில்: ‘ஓவர்ஃபுளோ’, ‘சில்’.

சூழலைச் சொன்னால்தான் சொல் பிடிபடும். இந்து சமுத்திரத்தின் கிழக்குப் பக்கத்தில், 90 பாகை கிழக்கு நெடுங்கோட்டை ஒட்டி, வடக்குத் தெற்காக ஏறத்தாழ 5,000 கிலோமீற்றருக்கு ஒரு முகடு கடலடியில் கிடக்கிறது. பெயரே தொண்ணூறு கிழக்கு முகடுதான். முல்லைத்தீவுக் கரையிலிருந்து நேர் கிழக்கே ஆயிரம் கிலோமீற்றரளவு போனால் அதற்கு மேலே மிதப்போம். வடக்கே போகப்போகக் கங்கையும் பிரமபுத்திராவும் கொண்டுவந்து கொட்டிய வண்டலுக்குள் அது புதைந்துவிடும். இந்தச் சமுத்திரத்தின் வடக்கை ஆசியா அடைத்து நிற்பதால், அடியாழத்துக் குளிர்நீர் தெற்கே, அந்தாட்டிக்காப் பக்கமிருந்துதான் வரவேண்டும். வருகிற நீர் முகட்டின் கிழக்குச் சரிவை அணைத்தபடி வடக்கே நகர்கிறது. முகட்டுக்கு மேற்கே மத்திய இந்தியப் படுகை. அதன் அடிமட்டம் தெற்கிலும் மேடுகளால் மூடப்பட்டிருக்கிறது. ஆக அந்தப் படுகையின் அடிக்கு நீர் போவதென்றால், முகட்டில் 10 பாகை தெற்கு, 5 பாகை தெற்கு என்ற இடங்களை ஒட்டியுள்ள தாழ்வுகளுக்கு மேலால் கிழக்கிலிருந்து மேற்கே விழுந்துதான் போகவேண்டும். இப்படி விழுவது ஓவர்ஃபுளோ. தாழ்வின் மிகத் தாழ்ந்த மட்டம் சில்.

இதுவரை இங்கே வந்த முன்மொழிவுகள்: வழிந்தோட்டம், மேல்வழிவு, நிரம்பல், ‘சில்’லுக்கு வாசற்படி. வழிதல் என்றால் எங்கே என்ற கணக்கில்லாமல் சிந்துவது. இங்கே நடப்பது குறித்த இடத்தால், குறித்த மட்டத்துக்கு மேல் போன நீர் மட்டும் வெளியேறுவது. வன்னியில் அதற்குச் சொல் இருக்கிறது. மாரி பிடித்துக்கொண்டால் “முத்தையன்கட்டு வான் பாயுதாம்” என்று சந்தையில் பேசிக்கொள்வார்கள்; என்ன பொருள் என்று ஒரு பிள்ளையும் கேட்காது. குளத்து நீர் மிதமிஞ்சினால் வெளியேற விட்ட இடம் வான். அதன் மட்டம் வான்மட்டம்.

எனவே: ஓவர்ஃபுளோ = வான்பாய்ச்சல். சில் மட்டம் = வான்மட்டம்.

ஊர்ப்பாசத்தில் சொல்கிறேன் என்று எண்ணவேண்டாம். கடலில் அளக்கும் முறையைப் பாருங்கள். இரும்புக் கனம் ஒன்றை (பழைய ரயில் சக்கரங்களைப் பயன்படுத்துவதும் உண்டு) அடியில் இருத்தி, அதிலிருந்து மேல்நோக்கி ஒரு கம்பிவடம் நிறுத்தி, அதில் இடைக்கிடை ஓட்டமானிகளைக் கட்டுகிறார்கள். வடத்தை நிமிர்த்திப் பிடிப்பவை தடித்த கண்ணாடிக் கோளங்கள். ஒரு வருடமோ இரண்டோ கழித்துக் கப்பல் திரும்பி வந்து ஒலிக்குறி அனுப்ப, கனத்துக்கு மேலுள்ள கொக்கி திறக்கும். கனம் அடியிலேயே கிடக்க மற்றதெல்லாம் மேலே மிதந்து வரும். ஏன் அத்தனை காலம்? அடியில் ஓட்டம் செக்கனுக்குச் சில சென்ரிமீற்றர்தான். ஐந்து சென்ரிமீற்றர் என்று வைத்தாலும் நாளொன்றுக்கு நாலு கிலோமீற்றர் சொச்சம். அது போதாதென்று 12 மணி 25 நிமிடத்துக்கு ஒருமுறை வற்றுப்பெருக்கு முன்னும் பின்னும் ஆட்டுகிறது. ஒரு கிழமைக் கணக்கை வைத்து நீர் எந்தப் பக்கம் போகிறது என்று அடித்துச் சொல்ல முடியாது.

5,000 கிலோமீற்றர் முழுக்க இப்படி வடம் நட யாராலும் ஆகாது. ஆனால் தாண்டும் நீர் தாழ்வுகளால்தான் தாண்டும். அங்கே நட்டால் போதும். இன்னொன்று: தாழ்வுக்கு நீர் வந்துசேரும் பக்கத்துப் படுகையில் அடர்ந்த நீர் வான்மட்டத்துக்கு மேல் எவ்வளவு உயரம் நிற்கிறது என்று தெரிந்தால், எவ்வளவு நீர் தாண்டக்கூடும் என்று ஓட்டமானி இல்லாமலே ஓரளவு கணிக்கலாம். குளத்தில் வானுக்கு மேல் எத்தனை அங்குலம் பாய்கிறது என்று பார்த்துக் கனவடி சொல்வதும் இதே கணக்குத்தான்.

— முள்ளியவளையிலிருந்து


அண்ணாச்சிக்கு வணக்கம்.

விளக்கம் பிரமாதம், சொல்தான் உதைக்குது. தமிழ்நாட்டில் ‘வான்’ என்றால் ஆகாயம். முன்னால் எதைச் சேர்த்தாலும் ஆகாயம் விடாது. ‘அடிவான்’ என்று எழுதினால் தொடுவானம், ‘கீழ்வான்’ என்றால் கிழக்குத் திசை. ‘ஆழ்வான்’ என்று எழுதினால் கூரத்திலிருந்து யாராவது கோபித்துக்கொண்டு வருவார்கள்! உங்கள் ஊரில் வேன் வண்டியும் வான்தான் என்று கேள்வி.

எங்கள் பக்கம் குளம் ‘மறுகால் பாயுது’ என்போம். மறுகாலுக்கு இந்த இரட்டைப் பொருள் தொல்லை இல்லை. ‘ஆழ்கடல் மறுகால்’ என்று வைத்தால் என்ன?

இன்னொரு சந்தேகம். குளத்தில் நீருக்கு மேலே காற்று. கடலில் முகட்டுக்கு மேலேயும் தண்ணீர், கீழேயும் தண்ணீர். ‘பாயுது’ என்றால் பையன்கள் காலியான இடத்தில் தண்ணீர் விழுவதாக நினைக்க மாட்டார்களா?

— திருநெல்வேலி


தம்பி,

நான் நீர்ப்பாசன வேலையில கிடந்தவன், கடல் எனக்குத் தெரியாது. வான் மட்டும் தெரியும். நீங்கள் வானுக்கு மேலால போற உயரத்தை வைச்சுக் கணக்குப் பாக்கிறது சரி, ஆனா ஒரு விசயம் எழுதேல்லை. அளவுகோலை வான்கட்டோட ஒட்டி நட்டா நீர்மட்டம் தாழ்ந்துதான் காட்டும். பாயப்போற தண்ணி கட்டுக்குக் கிட்ட வரேக்கை கீழ வளையும். கொஞ்சம் பின்னுக்கு, தண்ணி அமைதியா நிக்கிற இடத்தில நடவேணும். கடலிலையும் அப்பிடித்தானோ எண்டு பாருங்கோ. அப்பிடித்தான் எண்டா ‘வான்’ எண்டே வையுங்கோ, சொல்லோட கணக்கும் சேந்து வரும்.

‘வான்கதவு’ எண்டு மட்டும் எங்கையும் எழுதிப்போடாதையுங்கோ. இரணைமடுவில திறந்து பூட்டலாம். உங்கட முகட்டில ஆர் போய்ப் பூட்டுறது?

— வவுனியா


வணக்கம் எல்லோருக்கும்.

வவுனியா ஐயா கேட்டதிலிருந்தே தொடங்குகிறேன். அப்படியேதான் ஐயா. தாழ்வை நெருங்கும்போது அடர்ந்த நீரின் மேல்மட்டம் கீழே வளைகிறது. அதனால் உயரத்தைப் படுகைக்குள் தள்ளி, பின்னாலேதான் எடுக்கிறார்கள். அங்கே அளவுகோல் இல்லை. வெப்பநிலை, உவர்ப்பு, அமுக்கம் அளக்கும் கருவியைக் கப்பலிலிருந்து அடிவரை இறக்கி, எந்த ஆழத்தில் குளிர்நீர் தொடங்குகிறது என்று பார்க்கிறார்கள். இந்தக் குறிப்பை அத்தியாயத்திலும் சேர்க்கப்போகிறேன்.

திருநெல்வேலி நண்பரின் சந்தேகம் சொல்லைவிடப் பெரியது. கடலடியில் காலியிடம் கிடையாது. கனமான குளிர்நீர் இலேசான நீருக்கு அடியால் நழுவி இறங்குகிறது. அந்தப் பயத்துக்கு மறுகாலும் மருந்தில்லை, வழிந்தோட்டமும் இல்லை, இங்கிலீசுச் சொல்லும் இல்லை. ஒரு வசனத்தில் விளக்கத்தான் வேண்டும்.

ஆனால் மறுகாலை விட எனக்கு மனமில்லை. முகட்டைத் தாண்டிய நீர் அதோடு நிற்பதில்லை. சரிவில் இறங்கும்போது சுற்றியுள்ள நீரையும் இழுத்துக் கலந்துகொண்டு பருத்துப் போகிறது. வட அத்திலாந்திக்கில், கிரீன்லாந்துக்கும் ஐஸ்லாந்துக்கும் இடையேயுள்ள டென்மார்க் நீரிணையின் வான்மட்டம் 600 மீற்றரளவில். அதைத் தாண்டும் நீர் அங்கிருந்து மூவாயிரம் மீற்றர் ஆழம்வரை இறங்குகிறது. தாண்டும் இடத்துக்கும் இறங்கும் நீருக்கும் இரண்டு சொல் தேவைதான். இங்கிலீசில் இரண்டையும் ஒரே சொல்லால் சொல்லிச் சமாளிக்கிறார்கள். நாம் ஏன் சமாளிக்கவேண்டும்? தாண்டுவது வான்பாய்ச்சல், தாண்டி இறங்குவது மறுகால். ‘வான்’ தனியாக எங்கும் வராது. வான்மட்டம், வான்பாய்ச்சல் என்ற கூட்டுச்சொற்களிலேயே வரும். ஆகாயத்தோடு குழம்ப இடமில்லை.

முகட்டை அணைத்தபடி வடக்கே போகும் ஓட்டத்துக்கு இங்கிலீசில் சொல்லும் ‘வெஸ்ரேண் பவுண்டரி கறன்ற்’ பற்றியும் ஒரு வார்த்தை. ‘மேற்கு எல்லை ஓட்டம்’ என்று எழுதினால் பிள்ளை படத்தைப் பார்த்துத் திகைக்கும், ஏனென்றால் ஓட்டம் போவது முகட்டின் கிழக்குச் சரிவில். எல்லை முகட்டுக்குக் கிழக்கேயுள்ள படுகைக்கு உரியது, முகட்டுக்கு உரியதல்ல. ‘படுகையின் மேற்குக்கரை ஓட்டம்’ என்று எழுதியிருக்கிறேன். நீளம்தான், ஆனால் யாரும் திசைமாறமாட்டார்கள்.

கனமும் வடமும் ஓட்டமானிகளும் சேர்ந்த ‘மூரிங்’குக்கு ‘போயாத்தொகுதி’ வேண்டாம். இலங்கையில் போயா என்றால் பௌர்ணமி விடுமுறை. ‘நிலைவடம்’ என்று வைத்திருக்கிறேன்.

‘சுவாலோ ஃபுளோட்’ என்ற மிதவைக்குத் தனியஞ்சலில் ஒருவர் ‘தகைவிலான் மிதவை’ என்று எழுதிக் கேட்டிருந்தார்; தகைவிலான் குருவிக்கு இங்கிலீசில் சுவாலோ. அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் அந்த சுவாலோ குருவியல்ல, ஆள். ஜோன் சுவாலோ என்ற ஆங்கிலேயர் 1955இல் அலுமினியக் குழாய்களில் செய்த மிதவை அது. கடல்நீரைவிடக் குறைவாக அமுங்குவதால் குறித்த ஆழத்துக்குப் போய், மேலும் போகாமல் கீழும் போகாமல் நீரோடு நகரும். கப்பல் அதன் ஒலியைக் கேட்டுக்கொண்டே பின்தொடரும். 1957இல் வட அத்திலாந்திக்கின் வளைகுடா நீரோட்டத்துக்கு அடியில் இட்டபோது, மேலே நீர் வடக்கே ஓட, அடியில் தெற்கே நகர்வது தெரிந்தது. அமெரிக்கக் கடலியலாளர் ஹென்றி ஸ்ரொமெல் முன்னரே எதிர்பார்த்த ஓட்டம் அது. பெயரை மொழிபெயர்க்காமல் ‘சுவாலோ மிதவை’ என்றே விடலாம்.

இனிப் பந்தி:

“படுகையின் மேற்குக்கரை ஓட்டம் முகட்டின் கிழக்குச் சரிவை ஒட்டி வடக்கே செல்கிறது. வான்மட்டத்துக்கு மேல் நிற்கும் குளிர்நீர், தாழ்வுகள் ஊடாக மேற்கே வான்பாய்கிறது. அங்கே காலியிடம் இல்லை. கனமான நீர் இலேசான நீருக்கு அடியால் இறங்குகிறது. இறங்கும் மறுகால் அயல்நீரோடு கலந்து பருக்கிறது. வான்பாய்ச்சலை அளக்கத் தாழ்வில் நிலைவடங்களை நடுகிறார்கள். குளிர்நீரின் உயரத்தைத் தாழ்வுக்கு அருகே எடுக்காமல், பின்தள்ளிப் படுகைக்குள் எடுக்கிறார்கள்.”

ஒலிக்குறி கேட்டுத் திறக்கும் கொக்கிக்கு மட்டும் இன்னும் சொல் இல்லை. ‘ஒலிவிடுவிப்பி’ வாய்க்குள் புகமாட்டேன் என்கிறது. முல்லைத்தீவு, மன்னார்ப் பக்கம் வலைக்கல்லைக் கழற்றிவிடுவதற்குத் தொழிலாளர் என்ன சொல்கிறார்கள் என்று தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

— முள்ளியவளையிலிருந்து