ஒரு மத்தியானமும் ஐந்து பாகமும்

இரண்டு மாதத்தில் இரண்டு நாவல் முடித்தேன். இரண்டின் முடிவையும் சொல்லாமல் இதை எழுத முடியாது, படிக்காதவர்கள் மன்னிக்கவும்.

முதலில் கல்கி எழுதிய 'பொன்னியின் செல்வன்'. எங்கள் வீட்டில் இருப்பது கடையில் வாங்கியது இல்லை. 1950-லிருந்து 54 வரை 'கல்கி' வார இதழில் தொடராக வந்தபோது பாட்டி வாராவாரம் பக்கங்களைப் பிரித்தெடுத்து, பாகத்துக்கு ஒன்றாக ஐந்து பைண்டு போட்டு வைத்திருந்தார். தாள் பழுப்பேறி, ஓரத்தைத் தொட்டால் உதிர்கிறது. ஓவியர் மணியத்தின் படங்கள் மட்டும் கறுப்பு மங்காமல் அப்படியே இருக்கின்றன. பள்ளி நாட்களில் இரண்டாம் பாகத்தோடு நின்றுவிட்டேன். இந்த முறை முழுதாகப் படித்தே தீருவது என்று உட்கார்ந்தேன்.

ஆடிப்பெருக்கன்று வீரநாராயண ஏரிக்கரையில் வந்தியத்தேவன் குதிரையில் வருவதிலிருந்து கடம்பூர் மாளிகை வரை எனக்கு ஒரு குறையும் இல்லை. சோழ இளவரசன் ஆதித்த கரிகாலன் சாகிற இரவு வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு படித்தேன். அதற்கப்புறம்தான் ஏமாற்றம். கொன்றது யார்? வந்தியத்தேவன் மேல் பழி விழுகிறது. மணிமேகலை நான்தான் என்கிறாள். பெரிய பழுவேட்டரையர் நான்தான் என்கிறார். இரண்டாயிரம் பக்கத்துக்கு மேல் கூடவே நடந்து வந்தவனுக்கு நேரான ஒரு பதில் வேண்டாமா? சோழர் காலத்து உடையார்குடிக் கல்வெட்டு கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று சோமன், ரவிதாசன், பரமேசுவரன் எனப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. அந்தக் கல் சொன்ன அளவுக்குக்கூட நாவல் சொல்லவில்லையே என்று மனசு அடித்துக்கொண்டது. கடைசியில் கல்கி முடிவுரை எழுதி, யார் யார் பிற்பாடு என்ன ஆனார்கள் என்று விளக்குகிறார். அதையெல்லாம் கதையாகப் படிக்கத்தானே காத்திருந்தேன். மணிமேகலை வந்தியத்தேவன் மடியில் உயிர்விடுகிற கடைசி அத்தியாயத்தில் மட்டும் கண் கலங்கியது உண்மை.

அந்த மனநிலையில் கையில் எடுத்ததுதான் சி.சு. செல்லப்பாவின் 'வாடிவாசல்'. 1959-இல் வந்தது. நூறு பக்கம்கூடத் தேறாது. ஒரே இடம், ஒரே மத்தியானம். செல்லாயி ஜல்லிக்கட்டுக்குப் பிச்சியும் மச்சான் மருதனும் வந்து நிற்கிறார்கள், பக்கத்தில் ஒரு கிழவர் பேச்சுக் கொடுக்கிறார். அவ்வளவுதான் தொடக்கம். பிச்சியின் அப்பா அம்புலியைச் சாய்த்த காளை காரி, ஜமீன்தாரின் காளை. அந்தப் பழைய கணக்கு கிழவர் வாய் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் நமக்குத் தெரிய வருகிறது. வாசலில் தலை நீட்டிவிட்டு உடனே பாயாமல் காளை நின்று பார்க்கிறது பாருங்கள், அந்த இடத்தில் புத்தகத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். திமிலில் கை விழுகிறது, கால் தரையில் இல்லை, காளை தவ்வுகிறது. சில நொடி நடக்கிற காரியம். செல்லப்பா அதைப் பக்கம் பக்கமாக எழுதுகிறார், ஒரு வரிகூட மிகையாக இல்லை. வத்தலகுண்டுக்காரர், பக்கத்தில் நின்று பார்த்த கண் அது. பேச்சுமொழி முதலில் ஐந்தாறு பக்கம் கடினமாக இருக்கும், விட்டுவிடாதீர்கள்.

பிச்சி ஜெயிக்கிறான். ஜமீன்தார் அவனைப் பாராட்டவும் செய்கிறார். அப்புறம் தன் கையாலேயே காரியைச் சுட்டுவிடுகிறார். இங்கேயும் செல்லப்பா நிறைய விளக்கவில்லை. ஆனால் எனக்கு ஒன்றும் விட்டுப்போனதாகத் தோன்றவில்லை. காளையின் தோல்வியும் ஜமீனின் கௌரவமும் ஒன்றாகக் கட்டப்பட்டவை என்பதை முதல் பக்கத்திலிருந்தே காட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

அம்மாவிடம் இரண்டைப் பற்றியும் சொன்னேன். பாட்டி பைண்டு செய்ததைக் குறை சொல்கிறேன் என்று முதலில் முகம் சுருங்கியது. "எனக்கும் அந்தக் கடைசி பாகம் சரிப்படாது, உங்க பாட்டிகிட்ட சொல்ல பயம்" என்றார் பிறகு. 'வாடிவாச'லை வாங்கிக்கொண்டு திண்ணைக்குப் போனவர், விளக்கு வைக்கிற நேரத்துக்கு உள்ளே வந்தார். கண்ணாடியைக் கழற்றவில்லை.

"அந்த மாடு என்னடா பண்ணிச்சு?" என்று கேட்டார்.