வெளியூரில் உழைக்கும் அப்பா அம்மாக்கள் படிப்பைப் பற்றி என்னிடம் சொன்னவை

மன்னார்குடி பக்கம் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் கணக்கு டீச்சராக இருக்கிறேன். அப்பா குவைத்திலோ சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ இருக்கும் பிள்ளைகள் எங்கள் வகுப்புகளில் நிறைய. கொஞ்ச வருஷமாக, பீகாரிலிருந்தும் மேற்கு வங்கத்திலிருந்தும் இங்கே பிழைக்க வந்த குடும்பத்துப் பிள்ளைகளும் சேர்கிறார்கள். "கூலி வேலை பாக்குற சனத்துக்குப் பிள்ளை படிப்பைப் பத்தி என்ன தெரியும்" என்று படித்தவர்களே பேசுவதைக் கேட்டிருக்கிறேன். என்னால் அதை ஒத்துக்கொள்ள முடியாது. படிப்பு என்ன தரும் என்று அவர்களுக்குத் தெரிகிறது. எந்த வாசலில் போய் நிற்க வேண்டும் என்று சொல்லத்தான் ஆள் இல்லை.

ஒன்பதாவது படித்த ஒரு பையன் காலாண்டுத் தேர்வுக்கு அப்புறம் பள்ளிக்குச் சரியாக வரவில்லை. அம்மாவை வரச் சொல்லியிருந்தேன். அவர் வந்ததோடு அப்பாவையும் வீடியோ காலில் கூட்டி வந்துவிட்டார். அன்று வெள்ளிக்கிழமை, குவைத்தில் விடுமுறை. போனில் அவருக்குப் பின்னால் இரண்டடுக்குக் கட்டில்கள், குறுக்கே கட்டிய கயிற்றில் சட்டைகள். சாரம் கட்டுகிற வேலை அவருக்கு.

"டீச்சர், அவன கலெக்டராக்குங்கன்னு கேக்கல. பத்தாவது மட்டும் பாஸ் பண்ண வச்சிருங்க" என்றார். ஏன் பத்தாவது என்று கேட்டேன். "நான் எட்டாவதோட நின்னவன். என் பாஸ்போர்ட்டுல இ.சி.ஆர். போட்டுட்டாங்க."

அவர் சொன்னது அச்சு அசல் உண்மை. பத்தாவது தேறாமல் முதல்முறை வெளிநாட்டு வேலைக்குக் கிளம்புகிறவரின் பாஸ்போர்ட்டில் இ.சி.ஆர்., அதாவது 'குடியேற்றச் சோதனை தேவை' என்கிற குறிப்பு இருக்கும். 1983ஆம் வருஷத்துக் குடியேற்றச் சட்டத்தின்படி குவைத், சவுதி, ஓமன், மலேசியா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு அவர் வேலைக்குப் போக வேண்டுமானால் தனியாக அரசு அனுமதி வாங்கியாக வேண்டும். படிக்காதவர்களை யாரும் ஏமாற்றிவிடக் கூடாது என்பதற்காக வந்த ஏற்பாடுதான் அது. ஆனால் அந்த அனுமதியை வாங்கித் தருகிறேன் என்று சொல்லியே அவரிடம் ஒரு ஏஜென்ட் கூடுதலாகப் பணம் பிடுங்கியிருக்கிறார். பத்தாவது சான்றிதழின் மதிப்பு அவருக்கு ரூபாயாகவே தெரியும்.

கடைசியில் அவர் சொன்னதைத்தான் நான் இன்னும் பல பிள்ளைகளிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். "எங்க சைட்டுல ஐடிஐ படிச்ச நம்ம பக்கத்துப் பையன் ஒருத்தன் இருக்கான். நான் வந்த அதே பிளைட்டுலதான் வந்தான். அவன் கையில டிராயிங் இருக்கு. என் தோள்ல பைப்பு இருக்கு."

அந்த அம்மா பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்தார். பையனின் ஆதார், சாதிச் சான்று, ஆறாம் வகுப்பிலிருந்து வாங்கிய ரேங்க் கார்டுகள், அவற்றோடு கூட்டுறவு வங்கி நகைக்கடன் ரசீதுகள். எல்லாம் ஒரே கவரில். ரசீதை ஒதுக்கி வைத்துவிட்டு ரேங்க் கார்டுகளை ஒவ்வொன்றாக விரித்து போன் கேமராவுக்குக் காட்டினார். கணக்கில் எந்த வகுப்பிலிருந்து மார்க் இறங்கியது என்று அந்த மனிதர் கட்டிலில் உட்கார்ந்தபடியே கண்டுபிடித்துவிட்டார். ஏழாவதிலிருந்து. பின்னங்களில்தான் அவன் தடுக்கி விழுந்திருந்தான், நாங்களும் அங்கிருந்தே மறுபடி ஆரம்பித்தோம். பையன் பத்தாவது தேறி, அரசு ஐடிஐயில் ஃபிட்டர் எடுத்தான்.

எல்லாம் இப்படி நல்லபடியாக முடிவதில்லை. வெளிநாட்டுப் பணம் வந்ததும் முதலில் நடப்பது, பிள்ளையை அரசுப் பள்ளியிலிருந்து எடுத்து வேன் வருகிற ஆங்கில மீடியத்தில் போடுவது. அதைக் குறை சொல்லி எனக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை. நாம் பட்ட கஷ்டம் பிள்ளை படக்கூடாது என்கிற ஆசைதானே அது. ஆனால் ஆறாம் வகுப்பில் மாற்றும்போது எது கைவிட்டுப் போகிறது என்று அவர்களிடம் யாரும் சொல்வதில்லை. ஆறாவது முதல் பன்னிரண்டாவது வரை அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைகளுக்கு மருத்துவப் படிப்பில் 2020 முதல் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது. 2021ல் அது பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், சட்டம் என்று விரிந்தது. அந்த ஒதுக்கீட்டில் சேர்ந்தால் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே கட்டுகிறது. கல்லூரியில் சேரும் பெண் பிள்ளைகளுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் தனி.

சிங்கப்பூரிலிருந்து லீவில் வந்த ஒருவர், எட்டாவது படிக்கும் மகளுக்கு டி.சி. கேட்டு வந்தார். பட்டுக்கோட்டைப் பக்கம் சொந்த ஊர், மனைவி வழியில் இங்கே குடி வந்தவர். மூத்த மகன் தனியார் கல்லூரியில் பி.இ. சிவில். நிலத்தை ஒத்திக்கு விட்டுப் பணம் கட்டியிருக்கிறார். "படிச்சு முடிச்சு ரெண்டு வருஷம் சும்மா இருந்தான் டீச்சர். அப்பறம் ஸ்கில் டெஸ்ட் அடிச்சு அவனும் சிங்கப்பூர் வந்துட்டான். இப்ப எனக்கும் ஒர்க் பெர்மிட், அவனுக்கும் ஒர்க் பெர்மிட்." ஒர்க் பெர்மிட்டில் போனவர் அங்கே குடும்பத்தை வைத்துக்கொள்ள முடியாது. தான் மனைவியைப் பிரிந்து இருந்தது போலவே மகனும் இருக்கப் போகிறானே என்பதைத்தான் அந்த மனிதரால் தாங்க முடியவில்லை. அவரிடம் படிப்பு பெரிசு என்று பேச எனக்கு வாய் வரவில்லை. ஒரு வெள்ளைத் தாளில், மகள் அரசுப் பள்ளியிலேயே தொடர்ந்தால் பன்னிரண்டாவதுக்குப் பிறகு எங்கெல்லாம் விண்ணப்பிக்கலாம் என்று எழுதிக் கொடுத்தேன். ஒரத்தநாட்டுக் கால்நடை மருத்துவக் கல்லூரி, ஈச்சங்கோட்டை வேளாண்மைக் கல்லூரி, தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி. "ஒரத்தநாட்டு வழியாத்தானே டீச்சர் எப்பவும் போறேன்" என்று அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். டி.சி. வாங்காமல் போனார். மகள் இப்போது பத்தாவது.

என் அப்பாயி கதையையும் இங்கே சொல்ல வேண்டும். தாத்தா நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறி மலேயா தோட்டத்துக்குப் போனவர். அதற்கு முன்னால் அவர் பண்ணையாள். 1952ல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தபோதும் எங்கள் தெருவில் பலருக்கு மிராசுதார் வீட்டு வாசல்தான் கதி. தாத்தாவிடமிருந்து கடுதாசி வந்தால் அப்பாயி அதைப் படித்துச் சொல்லக் கேட்டு மேலத்தெருவுக்குப் போய் நிற்க வேண்டும். எவ்வளவு பணம் வந்திருக்கிறது என்று அவருக்குத் தெரியும் முன்னாலேயே ஊருக்குத் தெரிந்துவிடும். அதனாலேயே அப்பாயி அத்தையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினார். பொம்பளைப் பிள்ளைக்கு எதற்குப் படிப்பு என்று தெருவே கேட்ட காலம். அத்தை எழுத்துக்கூட்டிப் படித்த முதல் கடுதாசியிலிருந்து வீட்டு வரவு வீட்டுக்குள்ளேயே இருந்தது என்று அப்பாயி கடைசி வரை பெருமையாகச் சொல்வார்.

அதனால்தானோ என்னவோ, பீகார் பெண் ஒருத்தியின் கணக்கு நோட்டைப் பார்த்ததும் எனக்கு அப்பாயி ஞாபகம் வந்தது. அப்பா ஒரு ரைஸ் மில்லில் மூட்டை தூக்குபவர், அம்மாவும் அங்கேயே களத்தில். கையில் ஆதாரைத் தவிர எதுவும் இல்லாமல் வந்தார்கள். கட்டாயக் கல்விச் சட்டப்படி டி.சி. இல்லை, வயதுச் சான்று இல்லை என்று எந்தப் பிள்ளையையும் திருப்பி அனுப்பக் கூடாது. வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்க வேண்டும். ஆறாவதில் சேர்த்தோம். தம்பி பக்கத்துத் தொடக்கப் பள்ளியில். அம்மா விடியலிலேயே மில்லுக்குப் போய்விடுவதால், காலைச் சிற்றுண்டிதான் அந்தப் பையனைப் பள்ளிக்கு இழுத்து வந்தது. 2023 ஆகஸ்டில் நம் திருக்குவளையிலிருந்து மாநிலம் முழுக்க விரிந்த திட்டம். அது யாருக்கு உதவுகிறது என்று கேட்பவர்கள் ஒருநாள் காலை எட்டேகால் மணிக்கு அந்தப் பள்ளிக்கு வந்து பார்க்கலாம்.

நோட்டு திருத்தும்போது அவளுடைய கடைசிப் பக்கத்தைப் பார்த்தேன். தேதி போட்டு இரண்டு வரிசை எண்கள். ஒன்று அப்பா தூக்கியதாகச் சொன்ன மூட்டைகள், இன்னொன்று மேஸ்திரி எழுதியது. சில நாட்களில் இரண்டும் ஒத்துப்போகவில்லை, அங்கே மட்டும் வட்டம் போட்டிருந்தாள். கேட்டதற்கு, "அப்பா எழுதச் சொன்னாரு டீச்சர். சனிக்கிழமை கூலி தரும்போது பார்க்கணும்" என்றாள். தமிழ் அவளுக்கு அதற்குள் அவ்வளவு வந்திருந்தது. மேஸ்திரி கணக்கை அப்பா எதிர்த்துக் கேட்டாரா என்று விசாரித்தேன். "கேட்டாரு. குறைஞ்சதைக் குடுத்துட்டாங்க."

அந்த அப்பாவுக்கு மகளின் படிப்பு ஆறாம் வகுப்பிலேயே பலன் தந்துவிட்டது. மூட்டைக் கூலியில் விட்டுப்போன காசு என்றால் ஒரு வாரத்துக் காய்கறி.

அடுத்த வருஷம் பொங்கலுக்குப் பிறகு அவர்கள் கிளம்பிவிட்டார்கள். வேறு மில்லா, ஊருக்கேவா, தெரியவில்லை. டி.சி. எழுதிக் கொடுத்தேன். அது தமிழில் இருந்தது. பீகாரில் ஒரு தலைமை ஆசிரியர் அதை வைத்து என்ன செய்வார் என்று நினைத்து இன்றுவரை மனசு ஆறவில்லை. இப்போது வரும் பிள்ளைகளுக்கு, எந்தப் பாடத்தில் எது வரை முடித்திருக்கிறார்கள் என்று ஆங்கிலத்தில் ஒரு பக்கம் தனியாக எழுதி, எமிஸ் எண்ணோடு (பள்ளிக் கல்வித் துறைப் பதிவேட்டில் பிள்ளைக்கு உள்ள எண்), பள்ளி முத்திரை வைத்துக் கொடுத்து அனுப்புகிறேன்.

இது போதுமா என்று எனக்குத் தெரியவில்லை. திருவாரூர், நாகை, தஞ்சாவூர் பக்கம் வடமாநிலப் பிள்ளைகளை நடுவருஷத்தில் அனுப்பி வைத்த ஆசிரியர்கள் இருந்தால், அந்தப் பிள்ளை அங்கே எந்த வகுப்பில் சேர்ந்தது, எந்தக் காகிதம் உதவியது என்று எழுதுங்கள். அறுவடை முடிந்தால் எங்கள் பள்ளியிலிருந்து இன்னும் மூன்று பிள்ளைகள் கிளம்பப் போகிறார்கள்.